சேர்ந்து ஆடுவது, வாய் திறந்து பேசுவது: பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

எட்டு முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளை வாரக் கடைசியில் ஆடவைப்பது என் வேலை. வெயில் இருந்தால் மைதானம், மழை வந்தால் பலகை விளையாட்டு. ஆட்டம் முடிந்து பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போகும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் பெற்றோர் என்னிடம் வருவார்கள். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. நின்ற இடத்திலேயே அரைகுறையாகப் பதில் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதிவைத்தேன். கேள்விகளை அவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

1. “ஒரு டீம்ல சேர்த்துவிட்டுட்டேன். மத்ததெல்லாம் தானா வந்துடும்ல?”

வராமலும் போகலாம். ஒரே நிறச் சட்டை போட்ட பதினொரு பேர் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளாமல், ஆளுக்கொரு ஆட்டம் ஆடிவிட்டுப் போவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கிரிக்கெட்டில் இது இன்னும் சுலபம். ஃபைன் லெக்கில் (மட்டையாளருக்குப் பின்பக்கம், தள்ளி) நிற்கும் பையன் பந்து வரும்வரை மேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பெயர்ப் பட்டியலில் அவனும் அணியில் ஒருவன்தான்.

பேசாமல் ஆட முடியாது என்ற நிலை இருந்தால்தான் பிள்ளை பேசும். தனக்குத் தெரிந்த ஒன்று அடுத்தவனுக்குத் தெரியாது, அது தெரிந்தால்தான் அவன் அடுத்த அடி எடுத்துவைக்க முடியும் என்று ஆட்டம் அமைந்துவிட்டால் கூச்சப்படுகிற பிள்ளைகூட வாய் திறக்கும். கீழே வரும் பதில்கள் பலவும் இதைச் சுற்றித்தான் வரும்.

2. “என் பொண்ணுக்கு நாலு வயசு. மத்த பசங்க பக்கத்துல உட்கார்ந்து தனியா விளையாடுறா. இது சரியா?”

சரிதான். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் மழலையர் பள்ளிப் பிள்ளைகள் விளையாடுவதைக் கவனித்து 1932-இல் வெளியிட்ட கட்டுரையில் இதை விவரித்திருக்கிறார். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் விளையாட்டை விளையாடுவது ஒரு வகை. பொருளைக் கொடுத்து வாங்கிக்கொண்டு, பொது நோக்கம் இல்லாமல் விளையாடுவது இன்னொரு வகை. ‘நீ இதைச் செய், நான் அதைச் செய்கிறேன்’ என்று வேலையைப் பிரித்துக்கொண்டு விளையாடுவது அதற்கும் அடுத்தது. வயது ஏற ஏற இந்தக் கடைசி வகை கூடுகிறது. அதற்காக இதைப் படிக்கட்டு மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். பத்து வயதுப் பிள்ளைக்கும் தனியாக விளையாட நேரம் வேண்டும்.

நாலு வயதில் ‘என் முறை, உன் முறை’ என்று காத்திருக்கப் பழகினாலே போதும். பந்தை உருட்டிவிட்டுத் திரும்பி வரும்வரை பொறுத்திருப்பதும் இந்தப் பயிற்சிதான்.

3. “அப்போ எந்த விளையாட்டு வாங்கிக் கொடுக்கலாம்?”

எதுவும் வாங்க வேண்டாம், முதலில் ஒரு தாளும் பென்சிலும் எடுங்கள். இரண்டு பிள்ளைகளை முதுகோடு முதுகு ஒட்டி உட்காரவையுங்கள். ஒருத்தி கையில் நாலைந்து வடிவங்கள் உள்ள ஒரு படம், மற்றவன் கையில் வெற்றுத்தாள். அவள் சொல்லச் சொல்ல அவன் வரைய வேண்டும். முதல் சுற்றில் அவன் எதுவும் கேட்கக் கூடாது. இரண்டாம் சுற்றில் வேறு படம், இப்போது எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிள்ளைகளுக்கே சிரிப்பு வந்துவிடும். ‘ஒரு வட்டம், அதுக்குப் பக்கத்துல ஒரு கோடு’ என்று தான் சொன்னது எவ்வளவு போதாது என்பதை அந்தப் பெண் கண்ணால் பார்ப்பாள். கேட்பவன் கேள்வி கேட்பதும் ஆட்டத்தில் பாதி என்று அவனுக்குப் புரியும். நான் இத்தனை வருடம் ஆடவைத்ததில் இதைவிடச் செலவில்லாததும் இதைவிடப் பலன் தந்ததும் வேறில்லை.

வாங்குவதாக இருந்தால், பலகை விளையாட்டுகளில் எல்லாரும் ஒரே பக்கம் நின்று ஆட்டத்தையே தோற்கடிக்க வேண்டிய வகை ஒன்று உண்டு. 2008-இல் வந்த ‘பான்டெமிக்’ அதில் பேர்பெற்றது. அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சீட்டு, பலகை எல்லாம் எல்லார் கண்ணுக்கும் தெரிவதால் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று எல்லாருக்கும் சேர்த்து முடிவெடுத்துவிடும், மற்றவர்கள் காய் நகர்த்தும் கைகளாகிவிடுவார்கள். அதனால் நான் ‘ஹனாபி’யைத்தான் முதலில் எடுப்பேன். 2013-இல் ஜெர்மனியின் ‘ஆண்டின் சிறந்த விளையாட்டு’ விருதை வாங்கியது. அதில் உங்கள் சீட்டு உங்களுக்குத் தெரியாது, மற்ற எல்லாருக்கும் தெரியும்படி பிடித்திருப்பீர்கள். நிறம் அல்லது எண், ஏதாவது ஒன்றைப் பற்றித்தான் துப்புக் கொடுக்க முடியும். துப்புக்கும் எண்ணிக்கை உண்டு. எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அடுத்தவன் வாயிலிருந்து வராமல் அவனால் ஆட முடியாது.

இன்னும் கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு ‘கோட்நேம்ஸ்’. மேசைமேல் 25 சொற்கள், அவற்றில் சிலவற்றை ஒரே ஒரு சொல்லால் தன் அணிக்கு உணர்த்த வேண்டும். எதிரில் இருப்பவனுக்கு என்ன தெரியும், இந்தச் சொல்லைக் கேட்டதும் அவனுக்கு என்ன தோன்றும் என்று யோசிக்கவைக்கிற ஆட்டம்.

4. “பேசு பேசுன்னு கத்துறேன். உள்ள இறங்கினா வாயே திறக்க மாட்டேங்குறான்.”

‘பேசு’ என்பது அவனுக்கு ஒரு உதவியும் செய்யவில்லை. என்ன பேச வேண்டும்? மூன்று சொல் கொடுங்கள். கிரிக்கெட்டில் ஓட்டம் எடுக்க ‘யெஸ்’, ‘நோ’, ‘வெயிட்’, அவ்வளவுதான். அதிலும் யார் சொல்வது என்பது முன்கூட்டியே தீர்ந்திருக்க வேண்டும். பந்து விக்கெட்டுக்கு முன்னால் போனால் அடித்தவர் குரல் கொடுப்பார், பின்னால் போனால் மறுமுனையில் நிற்பவர். சின்னப் பிள்ளைகள் ரன் அவுட் ஆவதைக் கவனியுங்கள். பெரும்பாலும் இருவரும் சேர்ந்து கத்தியிருப்பார்கள், அல்லது இருவருமே கத்தியிருக்க மாட்டார்கள்.

கால்பந்தில் ‘பின்னாடி ஆள்’, ‘நேரம் இருக்கு’, ‘எனக்கு’. கைப்பந்தில் ‘என்னுது’. சில ஆட்டங்களில் குரல் கொடுப்பதே விதி. கோ-கோவில் உட்கார்ந்திருப்பவரைப் பின்னாலிருந்து தொடுவதும் ‘கோ’ என்று சொல்வதும் ஒன்றாக நடக்க வேண்டும். பார்வையற்றோர் கால்பந்தில் பந்தை நோக்கிப் போகிறவர் ‘வோய்’ என்று குரல் கொடுத்தே தீர வேண்டும். ‘போகிறேன்’ என்று பொருள்படும் ஸ்பானியச் சொல் அது. சொல்லாமல் போனால் தவறு. பந்துக்குள் சலசலக்கும் மணிகள் இருக்கும், கோலுக்குப் பின்னால் நின்று ஒருவர் திசை சொல்வார். ஆட்டம் முழுக்கக் காதால்தான் நடக்கும். அந்த ஆட்டத்தின் காட்சி ஒன்றைப் பிள்ளையோடு சேர்ந்து பாருங்கள். என் பிள்ளைகளுக்கு நான் அதைக் காட்டிய மறுவாரம் மைதானத்தில் எல்லாரும் ‘வோய் வோய்’ என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். முதல் அரைமணி நேரம் கூத்தாகத்தான் இருந்தது. அப்புறம் ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொள்வது நின்றது.

5. “அவ சுபாவமே கூச்சம். சத்தம் போடச் சொன்னா அழுதுடுவா.”

சத்தம்தான் பேச்சு என்று யார் சொன்னது? கடற்கரைக் கைப்பந்தில் வலைப்பக்கம் நிற்பவர் தன் முதுகுக்குப் பின்னால் விரல் காட்டுவார். ஒரு விரல் என்றால் நேர்க்கோட்டு அடியை மறிக்கப்போகிறேன், இரண்டு என்றால் குறுக்கே வரும் அடியை. பின்னால் இருப்பவர் அதைப் பார்த்து இடம் மாறுவார். 2019-இல் வந்த ‘ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்’ என்ற கணினி விளையாட்டில் ஒரு பொத்தானை அழுத்தி ‘இங்கே எதிரி’, ‘இங்கே போகலாம்’ என்று குறி காட்டலாம். மைக்கைத் தொடாமலே முழு ஆட்டத்தையும் அணியோடு ஆடிவிடலாம். (வயது வரம்பு உள்ள சுடும் விளையாட்டு அது. உதாரணத்துக்காகச் சொன்னேன், ஒன்பது வயதுக்கு வாங்கிக் கொடுப்பதற்கு அல்ல.)

கூச்சமுள்ள பிள்ளைக்கு நான் முதலில் கையசைவு கொடுப்பேன், அடுத்து ஒரு சொல், பிறகு ஒரு வாக்கியம். எட்டுப் பேர் ஆட்டத்தில் போடாமல் இரண்டுக்கு இரண்டு ஆட்டத்தில் போடுவேன். அங்கே ஒளிய இடமில்லை, வேடிக்கை பார்க்கவும் ஆளில்லை. ‘இவ கொஞ்சம் ஷை’ என்று அவள் காதுபட அறிமுகம் செய்வதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

6. “எங்க வீட்டுல நேர் எதிர். எல்லாரையும் அதிகாரம் பண்றா. மத்த பசங்க ஒதுங்கிப் போறாங்க.”

இந்தப் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஆட்டம் நன்றாகப் புரிந்திருக்கும். அதுதான் அவளைப் பொறுமை இழக்கச் செய்கிறது. அவள் வாயை அடைக்க வேண்டாம். அவளுக்குத் தெரியாத ஒன்று மற்றவர் கையில் இருக்கும்படி ஆட்டத்தை மாற்றுங்கள். 3-ஆம் பதிலில் சொன்ன ஹனாபி இதற்கும் மருந்து. முதுகோடு முதுகு ஆட்டத்தில் அவளை வரைபவளாக உட்காரவையுங்கள்.

இன்னொன்று: தலைமையை நேரத்தால் வெட்டுங்கள். பத்து நிமிடம் அவள் கேப்டன், அடுத்த பத்து நிமிடம் இருப்பதிலேயே அமைதியான பையன். அந்தப் பத்து நிமிடமும் அவள் சொல்ல நினைப்பதைக் கேள்வியாகத்தான் சொல்லலாம். ‘அங்க போ’ என்பது ‘அங்க யார் போறா?’ என்றாகும். சிலர் கேள்விக்குள்ளும் உத்தரவை ஒளித்துவைப்பார்கள். பரவாயில்லை, பழக்கம் அங்கிருந்துதான் தொடங்கும்.

7. “நல்லாத்தான் பேசுறான். அடுத்தவங்க சொல்றது மட்டும் காதுல விழவே மாட்டேங்குது.”

விமானக் கட்டுப்பாட்டு நிலையம் ‘இந்த உயரத்துக்கு ஏறுங்கள்’ என்றால் விமானி ‘சரி’ என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. உயரத்தையும் தன் விமானத்தின் அழைப்புப் பெயரையும் திருப்பிச் சொல்ல வேண்டும். தவறாகக் கேட்டிருந்தால் அங்கேயே பிடிபடும். இதை அப்படியே ஆட்டத்துக்குள் கொண்டுவரலாம். ஒருவர் சொன்னதை மற்றவர் சுருக்கித் திருப்பிச் சொன்ன பிறகுதான் காய் நகரும்.

‘கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ்’ என்ற கணினி விளையாட்டு இதற்கென்றே செய்ததுபோல இருக்கும். ஒருவருக்கு மட்டும் திரையில் வெடிகுண்டு தெரியும். அதைச் செயலிழக்கச் செய்யும் கையேடு மற்றவர்களிடம் இருக்கும், அவர்கள் திரையைப் பார்க்கக் கூடாது. கடிகாரம் ஓடும். கேட்பதுபோலத் தலையாட்டினால் வெடித்துவிடும். என் பெரிய பிள்ளைகள் இதைத் தாங்களே தாளில் செய்துகொண்டு ஆடுகிறார்கள். வெடிகுண்டுக்குப் பதில் பூட்டிய பெட்டி என்று வைத்துக்கொண்டார்கள்.

8. “வீடியோ கேம்ல டீம் ஒர்க் வரும்ங்குறதெல்லாம் பசங்க சொல்ற சாக்குதானே?”

பாதி சாக்கு. ‘மல்டிபிளேயர்’ என்று எழுதியிருப்பதாலேயே அது கூட்டு ஆட்டம் ஆகிவிடாது. 1-ஆம் பதிலில் சொன்ன ஃபைன் லெக் பையன் திரைக்குள்ளும் உண்டு. ஆனால் 2011-இல் வந்த ‘போர்ட்டல் 2’-இன் இரட்டையர் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு எந்திர மனிதர்கள், ஆளுக்கு இரண்டு வாயில்கள் திறக்கலாம் (ஒன்றில் நுழைந்தால் மற்றதில் வெளியே வரலாம்), ஒருவர் திறந்த வாயில் வழியே மற்றவர் போக வேண்டும். தனியாளாக ஒரு அறையைக்கூடத் தாண்ட முடியாது. ‘ஓவர்குக்ட்’ என்ற சமையல் விளையாட்டில் நறுக்குபவர், அடுப்பைப் பார்ப்பவர், தட்டு கழுவுபவர் என்று பிரித்துக்கொள்ளாவிட்டால் அடுப்பு தீப்பிடிக்கும். மைன்கிராஃப்டில் நாலு பேர் சேர்ந்து ஒரு கோட்டை கட்டுவது, பொருள் கணக்கு, வேலைப் பங்கீடு, சண்டை, சமாதானம் எல்லாம் அடங்கியது.

உங்கள் பிள்ளை ஆடும் ஆட்டம் எந்த வகை என்று தெரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும்: ‘இன்னைக்கு உன் டீம்காரன்கிட்ட என்ன சொன்ன?’ பதிலில் ஒரு வாக்கியமாவது வந்தால் சரி. யோசித்து யோசித்து ஒன்றும் வராவிட்டால் அது தனி ஆட்டம்தான்.

9. “வாய்ஸ் சாட் ஆன் பண்ணிக் கேக்குறான். விடலாமா?”

தெரிந்த நண்பர்களோடு மட்டும் என்றால் விடலாம். பெரும்பாலான விளையாட்டுகளிலும் கருவிகளிலும் ‘நண்பர்கள் மட்டும்’ என்று அமைக்க வழி இருக்கிறது. அதைப் பிள்ளையோடு உட்கார்ந்து அமையுங்கள், அவனுக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். ஆரம்ப மாதங்களில் ஹெட்போன் வேண்டாம், கூடத்தில் ஒலிபெருக்கியில் நடக்கட்டும். உண்மைப் பெயர், பள்ளி, போன் எண், படம் எதுவும் வெளியே போகக் கூடாது. ஒலியை அடக்குவது, ஆளைத் தடுப்பது, புகார் செய்வது மூன்றும் எங்கே இருக்கின்றன என்று அவன் கையாலேயே ஒருமுறை செய்துபார்க்கட்டும்.

பெட்டியில் இருக்கும் வயது எண்ணைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் மறுமுனையில் பேசப்போகிற ஆள் யார் என்று அந்த எண் உங்களுக்குச் சொல்லாது. யாராவது தனியாகப் பேச அழைத்தாலோ, ‘வீட்டில் சொல்லாதே’ என்றாலோ உடனே உங்களிடம் வர வேண்டும், வந்தால் விளையாட்டைப் பிடுங்க மாட்டேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுங்கள். பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் மறைக்கிறார்கள்.

10. “தோத்துட்டா டீம் பசங்க மேல பாயுறான். ‘உன்னாலதான்’னு மூஞ்சிக்கு நேரா சொல்றான்.”

தோற்ற சூட்டில் எந்த ஆராய்ச்சியும் வேண்டாம். எங்கள் மைதானத்தில் ஒரு விதி: ஆட்டம் முடிந்து தண்ணீர் குடித்து முடிக்கும்வரை ஆட்டத்தைப் பற்றிப் பேசக் கூடாது. ஐந்து நிமிடம்கூட ஆகாது, ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் பாதிக் கோபம் வடிந்துவிடும்.

பிறகு பேசும்போது வாக்கியத்தில் ஆளின் பெயர் வரக் கூடாது, நடந்தது மட்டும் வரலாம். ‘அவன் கேட்ச்சை விட்டான்’ என்பதை ‘அந்த கேட்ச்சுக்கு ரெண்டு பேர் ஓடினாங்க, யாரும் குரல் கொடுக்கல’ என்று சொல்லிப் பழக வேண்டும். அப்படிச் சொன்னதும் அடுத்த முறை என்ன செய்வது என்பது தானாக வாயில் வரும். கடைசியாக, பழி சொன்னவனே ‘நான் அடுத்த முறை இதைச் செய்கிறேன்’ என்று ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் நாலு வாரம் கடனுக்குச் சொல்வார்கள். எதிரே நிற்கும் பெரியவர் தன் தவறையும் சொன்னால் சீக்கிரம் மாறும். ‘ஆட்களை மாத்தினதுல நான் தப்பு பண்ணிட்டேன்’ என்று நான் சொன்ன அன்று பிள்ளைகள் என்னை ஏதோ அதிசயம்போலப் பார்த்தார்கள்.

11. “என் பையன்தான் அந்த டீம்லயே பெஸ்ட். மத்தவங்களுக்குப் பாஸ் பண்ணி ஏன் கெடுக்கணும்?”

கேள்வி நியாயமானது, பலர் மனசுக்குள் வைத்திருப்பதை நீங்கள் வாய்விட்டுக் கேட்டீர்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் 4×100 மீட்டர் தொடர் ஓட்டத்தைப் பாருங்கள். ஜப்பான் அணியின் நாலு பேரில் ஒருவர்கூட அதுவரை 100 மீட்டரை 10 வினாடிக்குள் ஓடியதில்லை. 37.60 வினாடியில் ஜமைக்காவுக்கு அடுத்து வந்து வெள்ளி வாங்கினார்கள். கைத்தடியைக் கீழிருந்து கொடுக்கும் முறையை விடாமல் பழகி, மாற்றும் இடத்தில் வேகம் குறையாமல் பார்த்துக்கொண்டார்கள். அதற்கு முன் 2008 பெய்ஜிங்கில், வேகத்துக்குப் பெயர்போன அமெரிக்காவின் ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டுமே முதல் சுற்றிலேயே கைத்தடியைத் தவறவிட்டு வெளியேறின.

ஆனால் இந்தக் கதையைச் சொல்லிப் பையனைத் திருத்திவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஆட்டத்தின் விதியை மாற்றுங்கள். ஒருவர் இரண்டு தொடுதலுக்கு மேல் பந்தை வைத்திருக்கக் கூடாது, அணியில் எல்லாரும் தொட்ட பிறகுதான் கோல் கணக்கு. இப்படிப் பதினைந்து நிமிடம் ஆடினால் பந்து இல்லாதபோது எங்கே ஓட வேண்டும் என்பதை அந்தத் திறமைக்காரப் பிள்ளை முதல்முறையாகக் கற்றுக்கொள்ளும். அவன் ஆட்டமும் அதனால் வளரும்.

12. “ஓரமா நின்னு நான் சொல்லிக் கொடுக்கலாம்ல?”

வேண்டாம். நீங்கள் ‘லெஃப்ட்ல போடு!’ என்று கத்தும் நொடியில் அவன் காது உங்கள் பக்கம் திரும்புகிறது, பக்கத்தில் ‘எனக்கு’ என்று கத்துகிறவன் குரல் விழாது. கைதட்டுங்கள், அது போதும்.

13. “மேட்ச் முடிஞ்சு வண்டில வரும்போது என்ன பேசுறது?”

முதலில் ஒன்றும் பேசாதீர்கள். அவனாகத் தொடங்கினால், ‘எத்தனை கோல்?’ என்பதை விட்டுவிட்டு, ‘இன்னைக்கு யார் உனக்கு உதவினா?’, ‘நீ யாருக்கு உதவின?’, ‘எங்க ஒருத்தர் சொன்னது இன்னொருத்தருக்குப் புரியாமப் போச்சு?’ என்று கேட்கலாம். மூன்றையும் ஒரே நாளில் கேட்டால் விசாரணை மாதிரி ஆகிவிடும். ஒருநாள் ஒன்று. பதில் ஒரே சொல்லில் வந்தால் அதோடு விட்டுவிடுங்கள்.

14. “எம்பொண்ணு செஸ் ஆடுறா. அது தனி ஆட்டமாச்சே, இதெல்லாம் அவளுக்கு எப்படி?”

செஸ் ஒலிம்பியாடில் நாலு பலகையில் நாலு பேர் ஆடுவார்கள், ஐந்தாவதாக ஒருவர் மாற்று ஆட்டக்காரர். தன் பலகையில் சமன் செய்யலாமா, வெற்றிக்குப் போராடலாமா என்பதைப் பக்கத்துப் பலகைகளின் நிலவரத்தைப் பொறுத்தும் முடிவெடுக்க வேண்டியிருக்கும். காய்களின் நிலை பற்றிக் கேப்டன் எதுவும் சொல்லக் கூடாது, சமன் கேட்கலாம், ஏற்கலாம், தோல்வியை ஒப்புக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்லலாம். தனி ஆட்டத்துக்குள்ளும் இப்படி ஒரு கூட்டு ஆட்டம் இருக்கிறது.

வீட்டில் ஆட ‘மூளையும் கையும்’ என்ற வகை உண்டு. ஒரு பக்கத்துக்கு இரண்டு பேர். மூளை எந்தக் காய் என்று மட்டும் சொல்லும்: ‘குதிரை’. எந்தக் குதிரை, எந்தக் கட்டம் என்பது கையின் முடிவு. வேறு பேச்சுக் கிடையாது. மூளை மனதில் வைத்திருந்தது ஒன்று, கை வைத்தது இன்னொன்று என்று ஆகும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்! அதிகாரம் பண்ணும் பிள்ளைக்கும் (6-ஆம் பதில்) இது நல்ல ஆட்டம்.

15. “என் மகனுக்குக் காது சரியாக் கேக்காது. டீம் கேம்லாம் அவனுக்கு முடியுமா?”

முடியும். அமெரிக்கக் கால்பந்தில் ஆட்டக்காரர்கள் வட்டமாகக் கூடித் திட்டம் போடுவார்களே, அந்த வழக்கம் 1890-களில் காது கேளாதோருக்கான காலடெட் கல்லூரி அணியில் தோன்றியதாகத்தான் பரவலாகச் சொல்கிறார்கள். தங்கள் சைகையை எதிரணி படித்துவிடாமல் இருக்க வட்டமாக நின்று மறைத்தார்களாம். இன்றைக்கு எத்தனையோ விளையாட்டுகளில் அது பரவிவிட்டது.

பயிற்சியாளரிடம் முன்கூட்டியே பேசுங்கள். விசிலோடு ஒரு கொடியையும் அசைக்கலாம், திட்டம் சொல்லும்போது அவன் முகம் பார்த்துச் சொல்லலாம், அணிக்கென்று ஏழெட்டுச் சைகைகள் வைத்துக்கொள்ளலாம். சைகையை அவனையே மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். திக்கிப் பேசும் பிள்ளைகளுக்கும், கூச்சல் கூடினால் தடுமாறும் பிள்ளைகளுக்கும் இதே ஏற்பாடு உதவும். அவர்களுக்குச் சொற்களை 4-ஆம் பதிலில் உள்ளதைவிடவும் குறைத்துக்கொள்ளலாம்.

16. “ஆறு மாசமாச்சு. முன்னேற்றம் இருக்கான்னு எதை வச்சுச் சொல்றது?”

கோப்பையை வைத்துச் சொல்ல முடியாது. நான் பார்ப்பது சின்னச் சின்ன விஷயங்கள். புதிதாக வந்த பிள்ளைக்கு விதியைச் சொல்லிக்கொடுக்கிறானா? கூட ஆடுபவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறானா? (பெயரே தெரியாமல் மூன்று மாதம் ஆடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.) ‘புரியல, திரும்பச் சொல்லு’ என்று கேட்கிறானா? இந்த மூன்றாவது வந்துவிட்டால் நான் நிம்மதியாகிவிடுவேன். வீட்டிலும் தெரியும். தங்கையிடம் ஒன்றைக் கேட்கும்போது ‘அதை எடு’ என்பது ‘மேசைமேல இருக்கிற நீலப் பெட்டியை எடு’ என்று மாறியிருக்கும்.

நடுவில் பின்னடைவும் வரும். அணி மாறினால், வயது ஏறினால் மறுபடி வாய் மூடிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. அப்போது பெரிய ஆட்டத்திலிருந்து இரண்டுக்கு இரண்டுக்குத் திரும்புங்கள்.

17. “கோச்சே பசங்களைக் கேவலமாத் திட்டுறார். பொறுத்துப் போகச் சொல்றதா, வெளியே எடுக்கிறதா?”

கண்டிப்பும் அவமானப்படுத்துவதும் வேறு வேறு. ‘நீ குரல் கொடுக்கல’ என்று உரக்கச் சொல்வது கண்டிப்பு. உடம்பையோ குடும்பத்தையோ இழுத்துப் பேசுவது அவமானம். முதலாவது என்றால் பிள்ளையே பயிற்சியாளரிடம் போய், ‘நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க’ என்று கேட்கட்டும், நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். இரண்டாவது என்றால் நீங்களே பேசுங்கள், மாறாவிட்டால் எடுத்துவிடுங்கள். பயந்த பிள்ளை களத்தில் பேசாது. பேசினால் திட்டு விழும் என்ற இடத்தில் 4-ஆம் பதிலில் சொன்ன மூன்று சொல்லும் தொண்டையிலேயே நின்றுவிடும்.

18. “என் பொண்ணு பிரச்சினையே பண்றதில்ல. யார் என்ன சொன்னாலும் ‘சரி’ங்குறா. நல்ல டீம் பிளேயர்தானே?”

எனக்குக் கவலை தரும் பிள்ளை இவள்தான். சண்டை போடுகிற பிள்ளையை எல்லாரும் கவனிப்பார்கள், ‘சரி’ சொல்கிற பிள்ளையை யாரும் கவனிப்பதில்லை. அணி தவறான திட்டத்தோடு போகும்போது அது தவறு என்று அவளுக்குத் தெரிந்திருக்கும், சொல்ல மாட்டாள். மறுத்துச் சொல்லாத குரலை அணி தவறவிடுகிறது. 1-ஆம் பதிலில் சொன்னதுபோல, அவளுக்குத் தெரிந்தது மற்றவர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை.

முடிவெடுக்கும் முன் எல்லாரும் தங்கள் யோசனையைத் தாளில் எழுதி ஒரே நேரத்தில் திருப்பிக் காட்டுவது ஒரு வழி. முதலில் பேசியவனுக்கு எல்லாரும் தலையாட்டுவது நிற்கும். இன்னொரு வழி தற்செயலாகக் கிடைத்தது. எங்களிடம் அப்படி ஒரு பெண் இருந்தாள், ஒரு வருடமாக ‘சரி’ தவிர வேறு சொல் கேட்டதில்லை. ஒரு மழை நாளில் புது விளையாட்டின் விதிப்புத்தகத்தை அவள் கையில் கொடுத்து, இன்றைக்கு எந்தச் சந்தேகமானாலும் இவளைத்தான் கேட்க வேண்டும், என்னைக் கேட்கக் கூடாது என்றேன். மூன்றாவது சுற்றில் எங்கள் சத்தக்காரப் பையன் ஒருவன் இரண்டு சீட்டு எடுத்தான். அவள் புத்தகத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி புத்தகத்தைப் பார்த்தாள். ‘இல்ல. ஒண்ணுதான்’ என்றாள். அவன் ஒரு சீட்டைத் திரும்ப வைத்தான், ஆட்டம் தொடர்ந்தது.